முன்பு கொடுத்த மருந்து

என் தங்கை புருஷன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பதினாறு வருஷத்து மனத்தாங்கல். என் மாடு அவர் கையில் செத்ததைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் மாட்டாஸ்பத்திரி மருந்து ஜன்னலில் நான் போய் நின்ற போதெல்லாம், பின்னால் பத்துப் பேர் நிற்க, அந்த மனுஷன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்: "இதுக்கு முன்னால என்ன குடுத்தீங்க?"

எல்லாரையும்தான் கேட்பார். கூடையில் கோழி கொண்டுவருகிறவனையும் விடமாட்டார். அதனால் அவருக்கு 'முன்னால என்ன' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் வாயைத் திறந்ததும் எழுத ஆரம்பித்துவிடுவார். நான் "ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லி முடித்த பிறகும் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். அவர் எழுதச் சொன்னதை எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது மாட்டாஸ்பத்திரியில் தற்காலிக வேலை அவருக்கு. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, டாக்டர் மருந்து ஏற்றும்போது மாட்டைப் பிடித்துக்கொள்வது. ஒல்லி உடம்பு, பெரிய பெரிய கை. பெண்ணைப் பார்க்க வந்தவர் நேரே கொட்டகைக்குள் போய், ஒரு கிடேரியின் கண் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை, பொண்ணு உள்ள இருக்கா. அது மாடு" என்றேன். வீடே சிரித்தது. எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆறு வருஷம் வந்து போய், என் மாடுகளுக்கு உண்ணி பிடுங்கி, அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டு, நல்லபடியாகத்தான் இருந்தார்.

அந்தச் செவலை மாடு மூன்றாவது ஈற்று. நாளைக்குப் பதினெட்டு லிட்டர் கறக்கும். கன்று போட்ட மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கழுத்தை இடது விலாப் பக்கம் மடித்து வைத்துக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டேன், ஈரத் துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். கன்று போட்ட மாட்டுக்கு இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போனால் இப்படி விழும். கால்சியம் பாட்டிலை இரத்தக்குழாயில் ஏற்றினால் அரை மணியில் எழுந்து நிற்கும். டாக்டர் ஏற்றியதை முப்பது தடவையாவது பார்த்திருக்கிறேன். கொட்டகைப் பரணில் ஒரு பாட்டிலும் குழாயும் எப்போதும் வைத்திருப்பேன்.

மணி பத்தரை. மாட்டின் தலையை நேராக இழுத்து என் முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடது கழுத்தில் ஊசியைச் செருகி, பாட்டிலைக் கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். டாக்டர் இதற்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வார், நடுநடுவே நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். என்னிடம் கேட்கிற குழாயும் இல்லை, பொறுமையும் இல்லை. ஏழு நிமிஷத்தில் பாட்டில் காலி. மாடு ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது, அவ்வளவுதான். தலையை விட்டதும் பழையபடி இடது பக்கமே மடிந்துகொண்டது.

பதினொன்றாகியும் எழவில்லை. காலி பாட்டிலைத் தவிட்டு மூட்டைக்குள் சொருகிவிட்டு, தண்ணீருக்குப் போயிருந்த பெண்சாதி திரும்பியதும் அவளை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். டாக்டர் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளைதான் சைக்கிளில் வந்தார். பார்த்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

"மச்சான், டாக்டர் இல்லாம நான் ரத்தக்குழாய்ல ஏத்தக் கூடாது. தோலுக்கு அடியில வேணா கொஞ்சம் போட்டு வைக்கிறேன். சாயங்காலம் அவர் வந்துடுவாரு."

"சாயங்காலம் வரைக்கும் இது கெடக்குமா? முப்பது தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. துணி சுத்தத்தான் தெரியும்னா அப்பவே சொல்லியிருக்கலாமே, பொண்ணை வேற எடத்துல குடுத்திருப்பேன்."

சொல்லக் கூடாத வார்த்தைதான். அவர் முகம் சுருங்கிப்போனது. என் பெண்சாதியிடம் வெந்நீர் கேட்டு, கொண்டுவந்த பாட்டிலை அதில் போட்டு இளஞ்சூடாக்கினார். வெளியே தெரிந்த வலது கழுத்தில் ஊசியைச் செருகினார். இடது பக்கம் மடிப்புக்குள் இருந்தது. நான் அந்தப் பக்கமாகக் குந்திக்கொண்டு தலையை அசையாமல் பிடித்திருந்தேன். சொட்டுச் சொட்டாக விட்டார். தன் காதையே மாட்டின் விலாவில் வைத்துக் கேட்டார். முன்னால் ஏதாவது கொடுத்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

இருபத்திரண்டாம் நிமிஷத்தில் விலாவிலிருந்து காதை எடுத்து, ஊசியை வெடுக்கென்று பிடுங்கினார். பாட்டிலில் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. மாடு நாலு காலையும் விறைத்து நீட்டியது. கண் மேலே போய் அப்படியே நின்றது. அவர் நெஞ்சுப் பக்கம் இரண்டு கையாலும் குத்திக் குத்திப் பார்த்தார். பிறகு சாணியில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், என் கையில போயிடுச்சு மச்சான்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "கொன்னுட்டியே" என்றேன். அதுவரைக்கும் 'நீங்க' என்று கூப்பிட்ட மனுஷனை அன்றைக்குத்தான் 'நீ' ஆக்கினேன்.

நாலு நாள் கழித்துத் தவிட்டு மூட்டையை அவிழ்த்த என் பெண்சாதி அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, சமையல் எண்ணெய் ஊற்றி அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு அவள் வீடு முக்கியம்.

ஆஸ்பத்திரிக்கு என் கையாலேயே ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். டாக்டர் இல்லாத நேரத்தில், அனுமதி இல்லாமல், மருந்து ஏற்றி மாட்டைக் கொன்றான் என்று. எழுதியது எல்லாமே உண்மை மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கை ஓடிவந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"அண்ணே, அந்தக் காயிதத்தைத் திரும்ப வாங்கிக்க. அவருக்கு வேற எந்த வேலையும் தெரியாது. நீதான வரச் சொன்ன, நீதான போடச் சொன்ன."

"நான் ஏத்தச் சொன்னேன். கொல்லச் சொல்லல."

"அவரு மனசறிஞ்சு செய்வாரா?"

"மாட்டைக் கொன்னவன் பொண்டாட்டிக்கு இந்த வீட்ல வேலையில்ல. அவன விட்டுட்டு வர்றதா இருந்தா உள்ள வா."

உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா, "டேய், அவள உள்ள விடுடா" என்றாள். நான் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் நாலு வருஷம் அம்மா இருந்தாள். தங்கை வாசல் வரை ஏழெட்டுத் தடவை வந்திருப்பாள். கடைசி ஒன்பது நாள் அம்மா பேச்சில்லாமல் கிடந்தபோது, தினமும் தெருவின் எதிர்ப்பக்கம் தையல் கடை ஓரத்தில் நின்றாள். பத்தாம் நாள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அங்கேயேதான் நின்றாள். வா என்று நான் சொல்லவில்லை. சொன்னால், எதற்கு இத்தனை நாள் விடவில்லை என்று யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

வேலை போன மாப்பிள்ளை தீவன ஆலையில் மூட்டை தூக்கினார். நான் தீவனம் எடுப்பதும் அதே ஆலையில்தான். வேறு ஆலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. என் மூட்டைகளை அவரே வண்டியில் ஏற்ற வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்தேன். மனசில் இருந்த விஷத்தை அப்படித்தான் இறக்கினேன்.

ஒருநாள் அவர் அடுக்கு மூட்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். செங்கல் தடிமனில் ஒரு புத்தகம், அட்டை கிழிந்தது. கால்நடை மருந்துப் படிப்பில் ரெண்டு வருஷத்துக்குச் சேர்ந்திருக்கிறான், காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் மூட்டை என்று மேஸ்திரி சொன்னார். முப்பத்தேழு வயதில், மீசை முளைக்காத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்கிறாராம்.

"ஏம்பா, மிச்ச மாட்டையெல்லாம் கொல்றதுக்கு இன்னும் எத்தனை பக்கம் பாக்கி?" என்றேன்.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்து மூடிவிட்டு இறங்கிவந்து, என் மூட்டையைத் தோளில் வாங்கினார்.

"நானூத்திப் பத்து பக்கம் இருக்கு மச்சான்."

"அதுல என்னதான் எழுதியிருக்கு?"

"மருந்து ஒடம்ப என்ன பண்ணும்னு பாதி. ஒடம்பு மருந்த என்ன பண்ணும்னு மீதி." மூட்டையை வண்டியில் போட்டார். "குதிரைய மயக்குற மருந்து ஒண்ணு. அதே அளவ மாட்டுக்குப் போட்டா எந்திரிக்கவே எந்திரிக்காது. பத்துல ஒரு பங்குதான் போடணும். மனுஷன் தலவலிக்குப் போட்டுக்குற மாத்திரையில ஒண்ண பூனைக்குக் குடுத்தா பூனை செத்துப்போகும். நல்ல மருந்து கெட்ட மருந்துன்னு கிடையாதாம். யாருக்கு, எவ்வளவு, எந்த வழியா, எத்தன மணிக்கு. அவ்வளவுதான் மொத்தப் புத்தகமும்."

"இதெல்லாம் என் மாடு சாகறதுக்கு முந்தி படிச்சிருக்கலாம்ல?"

"ஆமா மச்சான். படிச்சிருக்கலாம்" என்றார். அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

அவர் பரீட்சைக்கு உட்கார முடியுமா என்பதே ஒரு சமயம் சந்தேகமாக இருந்தது. பழைய புகார் பற்றி விசாரிக்கக் கல்லூரியிலிருந்து ஒரு ஆள் என் வீடு தேடி வந்தான். இப்போதாவது ஏதாவது மாற்றிச் சொல்கிறீர்களா, ஒரு மனுஷன் பிழைப்பு இதில் இருக்கிறது என்றான். நான் அடுப்பு மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். என் பெண்சாதி அந்தப் பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றி அவனுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போனான். அதனால் மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் தள்ளிப்போனது. கல்லூரியில் யாரோ ஒரு பேராசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுத விட்டார்கள். பாஸாகி, பழைய ஆஸ்பத்திரிக்கே மருந்து கொடுக்கிற ஆளாகத் திரும்பி வந்தார்.

வந்ததும் முதல் வேலையாகப் பதிவு நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போட்டார். என்ன பிராணி, எடை எவ்வளவு, என்ன மருந்து, எவ்வளவு, எந்த வழி, எத்தனை மணி. இதற்கெல்லாம் முந்தி ஒரு கட்டம்: முன்பு கொடுத்தது. அது நிரம்பாமல் மருந்து ஜன்னலைத் தாண்டாது. ஜனங்கள் திட்டினார்கள். மாட்டுக்காரன் எவனும் உண்மை சொல்லமாட்டான். வீட்டில் கைவைத்தியம் பண்ணியிருப்பான், கடையில் எதையாவது வாங்கிப் போட்டிருப்பான், எல்லாம் கெட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவான். அவர் விடமாட்டார். மாட்டின் கழுத்தின் இரண்டு பக்கமும் தடவிப் பார்ப்பார். ஊசி குத்திய இடத்தில் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே விரலை வைத்துக்கொண்டு ஆளைப் பார்ப்பார். அதில் நிறைய மாடு பிழைத்தது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

வேறு ஆஸ்பத்திரி இல்லாததால் நானும் போக வேண்டியிருந்தது. முதல் தடவை ஒரு மாட்டுக்கு மடிவீக்கம்.

"இதுக்கு முன்னால என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல."

பேனா அசையவில்லை. பின்னால் நின்ற ஆட்டுக்காரன், "யோவ், மச்சான்கிட்டயே குறுக்கு விசாரணையா? சீக்கிரம் ஆகட்டும்யா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் லேசாகச் சிரித்தார்.

"நெசமாதான மச்சான்? ஏற்கனவே உள்ள இருக்கறது தெரியாம நான் மேல ஊத்திடக் கூடாது பாருங்க."

மருந்தைக் கொடுத்துவிட்டு, சீட்டை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசித்தார்: இந்த மருந்து பாலில் இறங்கும், ஐந்து நாள் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது. வரிசையில் என் வாடிக்கைக்காரர்கள் மூன்று பேர் நின்றார்கள். ஐந்து நாள் பாலைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்று பேரும் திரும்பி வரவே இல்லை. அவர் செய்தது சட்டப்படி சரிதான். ஆனால் மற்றவர்களுக்கு அந்தச் சீட்டைக் கையில்தான் கொடுப்பார், வாசிக்கமாட்டார்.

இப்படியே வருஷங்கள் போயின. நான் போவேன், அவர் கேட்பார், நான் ஒண்ணுமில்லை என்பேன், பேனா நிற்கும்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஆள் வந்து, உங்கள் மாப்பிள்ளை பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்றான். தங்கை அனுப்பியதாக அவன் சொல்லவில்லை. போனேன். நீளமான அறையில் ஜன்னலோரக் கட்டில். கண் இரண்டும் மஞ்சளடித்து, வயிறு மட்டும் ஊதி, கை குச்சியாகிக் கிடந்தார். நர்ஸ் ஊசியோடு நின்றாள்.

"இதுக்கு முன்னால எனக்கு என்ன குடுத்தீங்க?"

"ஐயா, உங்களோட ரோதனையா போச்சு. காலையில போட்டதுதான், அதே மருந்து" என்றாள் அவள்.

"எத்தன மணிக்கு?"

அவள் சீட்டைப் பார்த்து மணி சொன்ன பிறகுதான் கையை நீட்டினார். அவள் போனதும் என்னைப் பார்த்தார்.

"கல்லீரல் போச்சு மச்சான். உள்ள போற மருந்த ஒடச்சு வெளிய தள்றது அதுதான். இனிமே எனக்கு எது குடுத்தாலும் உள்ளயே தங்கிடும்."

முக்காலியில் உட்கார்ந்தேன். தங்கை எங்கே என்றேன். மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறாள், வர அரை மணி ஆகும், அதற்காகத்தான் அனுப்பினேன் என்றார். தலையணைக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை உருவி என் மடியில் போட்டார். ஆஸ்பத்திரி நோட்டு இல்லை, அவருடைய சொந்த நோட்டு. முதல் பக்கம். செவலை மாடு, மூன்றாம் ஈற்று. எடை சுமார் நானூற்றிருபது கிலோ. கால்சியம், ஒரு பாட்டில், இரண்டு விரல்கடை குறைய. வலது கழுத்து. இருபத்திரண்டு நிமிஷம். இறந்தது. ஓரத்தில் வேறு மையில் பிற்பாடு கோடு போட்டுச் சேர்த்த ஒரு கட்டம். முன்பு கொடுத்தது. அது காலியாக இருந்தது.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"படிக்கிறப்ப தவளைய அறுத்து நெஞ்ச வெளிய எடுத்து, நூல்ல கட்டித் தொங்க விடுவாங்க. அதும்பாட்டுக்குத் துடிச்சிட்டிருக்கும். ஒவ்வொரு மருந்தா மேல விட்டுப் பாக்கணும். கால்சியம் ரெண்டு சொட்டு விட்டா நல்லாத் துடிக்கும். நெறைய விட்டா இப்படி ஆயிடும்." கையை மெதுவாக மூடி முஷ்டியாக்கிக் காட்டினார். "இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னுரும். விரியாது. அன்னிக்கு உங்க மாடு வெறச்சது எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்த எடைக்கு, அந்த நிதானத்துல, ஒரு பாட்டில் அப்படிப் பண்ணாது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஏழு தடவ போட்டேன். நீங்க எடது பக்கமா குந்திக்கிட்டுத் தலைய விடவே இல்ல."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"என்கிட்ட இருந்தது வெறும் கணக்கு. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா இல்லதான்." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினார். "அப்புறம், நானா சொல்லிட்டா நீங்க ஒரு நாள் அழுதுட்டு நிம்மதியாயிருவீங்க. நான் மூட்டை தூக்கினேன் மச்சான். உங்களுக்கு அந்த நிம்மதிய குடுக்க எனக்கு மனசு வரல. ஒவ்வொரு தடவையும் கேட்டேன்ல? ஒரு தடவையாச்சும் சொல்வீங்கன்னுதான் பேனாவப் புடிச்சிட்டு இருந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சண்டை வந்தா, 'உங்க கையாலதான் எங்கம்மா மூஞ்சியப் பாக்காம விட்டேன்'னு என்னத்தான் சொல்வா. பதினாறு வருஷம் கேட்டிருக்கேன். நானே சொன்னா, சாகப்போறவன் பழிய என் அண்ணன் மேல போட்டுட்டுப் போறான்னு நெனப்பா."

படியில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. நானே எடுத்தேன். மூடியைக் கழற்றும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"என் கையெழுத்துல வேணாம். நீங்க எழுதுங்க. எழுதி அவ கையில குடுத்துருங்க. என்ன மருந்து, எவ்வளவு, எந்தப் பக்கம். மணியையும் போடுங்க மச்சான். மணி போடலைன்னா அது செல்லாது."